நாற்காலி இல்லாத பொதுக்குழு

ஆரோக்கியசெல்விக்கு ஒரு கெட்ட பழக்கம். எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்டுவிடுவாள். விக்கிரவாண்டியில் நெடுஞ்சாலையை ஒட்டிய தெருவில் அவளும் கணவன் சகாயராஜும் பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறார்கள். கடை அவள் பொறுப்பு. ஏணி, கயிறு, பந்தல் எல்லாம் அவன் பாடு. பாத்திரம் கேட்டு வருகிறவரிடம் பெண் எந்த ஊர், மாப்பிள்ளைக்கு என்ன வேலை, ரசத்துக்கு ஏன் தனி அண்டா வேண்டாம் என்கிறீர்கள் என்று அவள் விசாரித்து முடிப்பதற்குள், அந்த மனிதருக்குக் கல்யாணமே வேண்டாம் என்று ஆகிவிடும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவள் அனுப்பிய பாத்திரம் எந்தப் பந்திக்கும் பற்றாமல் போனதில்லை.

இந்தப் பழக்கம்தான் அவளைச் சங்கத்தின் செயலாளர் ஆக்கியது. விழுப்புரம் மாவட்டப் பந்தல், நாற்காலி மற்றும் பாத்திர வாடகை நிலைய உரிமையாளர்கள் நலச் சங்கம் என்று அதற்குப் பெயர். இந்தப் பெயரை ஃப்ளெக்ஸ் பேனரில் அடித்தால் தலைவர் படத்துக்கு மட்டும்தான் இடம் மிஞ்சும். சில வருடங்களுக்கு முன் விழுப்புரத்தில் நடந்த கூட்டத்தில் அவள் எழுந்து, "ஏங்கய்யா, போன கூட்டத்துல இன்னா முடிவு பண்ணோம்?" என்று கேட்டாள். மேடையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் நினைவில்லை. நம்முடைய சங்கங்களில் கேள்வி கேட்டவர் தலையிலேயே பொறுப்பைக் கட்டிவிடுவது வழக்கம்தானே? அன்றைக்கே அவளைச் செயலாளராக்கிக் கைதட்டி உட்கார வைத்துவிட்டார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள் என்று சகாயராஜ் வீடு வரும் வரைக்கும் சிரித்துக்கொண்டு வந்தான்.

செயலாளர் ஆன பிறகுதான் கூட்டம் எப்படி நடக்கிறது என்பதை அவள் உட்கார்ந்து கவனித்தாள். முதலில் வரவேற்புரை. அப்புறம் சால்வை. தலைவருக்குச் சால்வை, துணைத்தலைவருக்குச் சால்வை, தலைவருக்குச் சால்வை போட்டவருக்கு ஒரு சால்வை. அது முடிவதற்குள் பிரியாணி வாசனை வந்துவிடும். கூட்டமும் சொல்லிவைத்தாற்போல் அந்த நேரத்துக்குத்தான் சேரும். மேடைக்கு எதிரே ஊமையாக உட்கார்ந்திருந்த அதே ஆட்கள், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும் குழாயடியில் நின்று அத்தனை பேச்சும் பேசுவார்கள். அவர்களுக்கு வாய் இல்லாமல் இல்லை. பிறகு ஏன் உள்ளே பேசுவதில்லை? அவளுக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது.

வேடிக்கையாக மட்டும் இருந்தது மாசிலாமணி வந்து சேரும் வரைக்கும்தான்.

மாசிலாமணி அனந்தபுரத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரி. கை நிறையப் பணமும் வாய் நிறையப் பேச்சும் உள்ளவர். வைகாசியில் பேத்திக்குக் காதணி விழா, ஊரே அண்ணாந்து பார்க்கிற மாதிரி உயரமாகப் பந்தல் வேண்டும் என்று வந்து நின்றார். இடத்தைப் பார்க்க அவளும் சகாயராஜும் குட்டியானை வண்டியில் போனார்கள். வாசலிலிருந்து எதிர்வீட்டுச் சுவர் வரைக்கும் தெருவை அடைத்துக் கட்ட வேண்டுமாம். செல்வி அண்ணாந்து பார்த்தாள். அவர் சொல்கிற இடத்துக்கு நேர் மேலே மின்கம்பி தொய்ந்து போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, மேல லைன் போவுது. நாங்க நிறுத்தறது இரும்பு பைப்பு. தெருக்கோடியில உங்க களம் சும்மாதான கிடக்குது? அங்க கட்டிடலாம்."

"களத்துல கட்டறதுக்கா உன்னைக் கூப்ட்டேன்? வாசல்ல பந்தல் இல்லன்னா அது இன்னாம்மா விசேசம்? போன வருசம் பக்கத்து வூட்டுக்காரனுக்கு இதே எடத்துல கட்டுனாங்க. ஒண்ணும் ஆவல."

"லைன்மேன்கிட்ட சொல்லி நிறுத்தி வச்சா..."

"கட்டற நேரம் நிறுத்துவாங்க. அவுக்கற வரைக்கும் ஊரையே இருட்டுல போட முடியுமா? உன்னால ஆவும்னா சொல்லு. ஆவாதுன்னா ஆயிரம் கடை கீது."

முடியும் என்றும் சொல்லாமல் முடியாது என்றும் சொல்லாமல், "சொல்றேண்ணே" என்று வண்டியில் ஏறிக்கொண்டாள். திரும்பும் வழியில் சகாயராஜ்தான் பேசினான்.

"நாம வேணாம்னா அவரு திண்டிவனத்துக்குப் போன் போடுவாரு. அவங்க இல்லன்னா விழுப்புரம். எப்படியும் எவனோ ஒருத்தன் ஏறத்தான் போறான், செல்வி."

"அந்த ஒருத்தன் ஏன் நீங்களா இருக்கணும்?"

அவளுக்குப் பயமாக இருந்தது. நேரே சொன்னால், அந்தக் கம்பியைப் பார்த்த கணத்திலிருந்து பயம்தான்.

ஆனால் பயந்துகொண்டு சும்மா இருக்கிற ஜாதி இல்லை அவள். அவன் சொன்னதைத் திருப்பித் திருப்பி யோசித்தாள். அவள் மறுத்தால் திண்டிவனம் கட்டும். திண்டிவனம் மறுத்தால் விழுப்புரம் கட்டும். யாருமே கட்ட மாட்டோம் என்றால்? மாசிலாமணிக்குக் களத்தை விட்டால் வேறு வழியில்லை. யாருமே என்றால் சங்கத்தில் இருக்கிற அத்தனை பேரும். அந்தச் சங்கமோ உடைகிற நிலையில் இருந்தது. திண்டிவனத்துக்காரர்கள் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. அங்கே பெரிய கடை வைத்திருக்கும் தென்னரசு தனிச் சங்கம் தொடங்கப்போவதாகப் பேச்சு. தொடங்கிவிட்டால் இவர்கள் மறுத்த வாசலில் அவர்கள் கட்டுவார்கள், அவர்கள் மறுத்த வாசலில் இவர்கள் கட்டுவார்கள். வைகாசிக்குள் எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டியே ஆக வேண்டும்.

தலைவர் சுப்பராயலு விழுப்புரத்தில் மூன்று தலைமுறையாகப் பந்தல் தொழில் செய்கிற குடும்பத்துக்காரர். வயதானவர், முட்டிவலிக்காரர், மரியாதையில் ஒரு நூல் குறைந்தாலும் தாங்கமாட்டார். பொதுக்குழு கூட்டலாம் என்றதும் தாராளமாகச் சம்மதித்தார்.

"நம்ம ஊர்லயே வைப்போம்மா. ஆனா திண்டிவனத்து ஆளுங்க வர மாட்டாங்க."

"ஏங்கய்யா வர மாட்டாங்க?"

"வேற இன்னா? திமிரு."

செல்வி அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. விசாரிக்கச் சோம்பல்பட்டவர்கள்தான் திமிர் என்று சொல்லி முடித்துவிடுவார்கள் என்பது அவள் கட்சி. யார் யார் வருவதை நிறுத்திவிட்டார்களோ அவர்களைத் தேடி அவளே கிளம்பினாள்.

முதலில் வளவனூர் பெரியசாமி. கடைக்குப் பின்னால் சவுக்குக் கழிகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு மறுபடியும் கழியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஏண்ணே கூட்டத்துக்கு வர்றதில்ல?"

"எதுக்கும்மா வரணும்? வந்தேன், பின்னால உக்காந்தேன், துன்னேன், எழுந்து வந்தேன். இத்தினி வருசத்துல என்னை ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல."

"இப்ப நான் கேக்கறேன். அப்ப கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பீங்க?"

பெரியசாமி கழியைக் கீழே வைத்தார். அவரிடம் பந்தல் வேலை பார்த்த பையன், வீரம்மாள் என்பவரின் மகன், ஒரு நாள் இரும்பு பைப்பை நிமிர்த்தும்போது அது மேலே போன கம்பியில் உரசிவிட்டது. உயிர் தப்பியது. ஆனால் வலது கை விரல்கள் இன்று வரைக்கும் மடங்குவதில்லை. கயிற்றை இழுத்து முடிச்சுப் போடத் தெரிந்த கை, சட்டைப் பொத்தான் போட இன்னொருவரைக் கூப்பிடுகிறது. இதை அவர் சத்தம் போடாமல்தான் சொன்னார்.

"அதிலேர்ந்து லைனுக்குக் கீழ நான் கட்டறதில்லம்மா. ஆனா நான் மாட்டேன்னு வந்த வாசல்லயெல்லாம் நம்ம சங்கத்து ஆளுங்களே போய்க் கட்டிட்டு வந்தாங்க. ஒருத்தன் மாட்டேன்னா அதுக்குப் பேரு வீம்பு. எல்லாரும் மாட்டேன்னாதான் அதுக்குப் பேரு சங்கம்."

இப்படி ஒரு பேச்சை வைத்துக்கொண்டு இந்த மனிதர் இத்தனை வருடம் பின் வரிசையில் பிரியாணிக்காகக் காத்திருந்தாரே என்று செல்விக்கு ஆத்திரமாக வந்தது. அவர் மேல் இல்லை, தன் மேலும் மேடை மேலும்.

திண்டிவனத்தில் தென்னரசு அவளைக் குடோனுக்குள் கூட்டிப் போய் உட்கார வைத்தான். நாற்பது வயது, பேச்சில் வேகம்.

"அக்கா, நெஜத்தச் சொல்லட்டா? கூட்டம் எப்பவும் விழுப்புரத்துல. மேடை, மைக்கு, சேரு அத்தினியும் தலைவர் கடைலேர்ந்து வருது. ஒவ்வொரு சேர் முதுகுலயும் அவரு பேரு. அவரு சேர்ல உக்காந்துக்கினு அவரையே எப்படிக்கா எதுத்துப் பேசறது?"

செல்விக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு யோசனை வந்தது. அவர்கள் தொழிலில் நாற்காலி சாதாரணப் பொருளா என்ன? யாருக்குக் குஷன் வைத்தது, யாருக்குப் பிளாஸ்டிக், யார் முன் வரிசை, யார் பந்தலுக்கு வெளியே என்று கல்யாண வீட்டுச் சண்டைகளில் பாதியை நாற்காலிதான் மூட்டிவிடுகிறது. அதைத் தினமும் பார்க்கிறவர்கள் அவர்கள்.

"உங்க ஊர்லயே வச்சா வர்றீங்களா?"

"வச்சா ஏன் வர மாட்டோம்? வர்றோம்."

இதைப் போய்ச் சுப்பராயலுவிடம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்ப நான் போய்த் தென்னரசு சேர்ல உக்காரணுமா?" என்பதுதான். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பொது மண்டபம்தான் ஐயா, யார் நாற்காலியாக இருந்தால் என்ன என்று ஏதேதோ சொல்லிச் சம்மதிக்க வைத்தாள். பிறகு சங்கத்து வாட்ஸ்அப் குழுவில், திண்டிவனத்தில் பொதுக்குழு, நாற்காலிகளை உறுப்பினர்கள் கொண்டுவந்து போட்டுவிடவும் என்று அனுப்பினாள். வரிசையாகக் கட்டைவிரல் வந்து விழுந்தது. ஆஹா, எவ்வளவு ஒற்றுமை என்று நம்பி அவள் அந்த வேலையை மறந்துவிட்டாள்.

முகூர்த்தம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை. மண்டபத்தைத் திறந்து உள்ளே போனவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வழவழவென்று தரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் காலியாகக் கிடந்தது. ஒரு முக்காலி கூட இல்லை. இவர்கள் எல்லாருடைய நாற்காலியையும் அடுக்கினால் மாவட்டத்தையே உட்கார வைக்கலாம். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி!

ஆட்கள் வர வர, வந்தவர்கள் எல்லாரும் நின்றார்கள்.

"உங்க ஊரு. நீங்கதான போட்டிருக்கணும்?" என்றது விழுப்புரம்.

"நாங்க போட்டா தலைவர் உக்கார மாட்டாருன்னு சொன்னாங்க. அதான் நீங்களே எடுத்தாருவீங்கன்னு இருந்துட்டோம்" என்றது திண்டிவனம்.

"கட்ட வெரல் காட்டுனீங்களே!"

"நீங்களுந்தான காட்டுனீங்க!"

தென்னரசு கைபேசியை எடுத்தான். "அக்கா, ஒரு வார்த்த சொல்லுங்க. ஜல்தியா வண்டி வந்துடும்." எல்லாக் கண்ணும் சுப்பராயலு மேல் திரும்பியது. அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, "வேணாம்பா. நான் நிக்கறேன்" என்றார். தென்னரசு முகம் சிறுத்துவிட்டது. வாசல் பக்கம் இரண்டு பேர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். இந்தச் சாக்கில் எல்லாரும் கலைந்து போனால் இனி ஒருநாளும் கூட மாட்டார்கள். மாசிலாமணியின் தெருவும் அந்தக் கம்பியும் அவள் கண் முன்னால் வந்து நின்றன.

அப்போது பெரியசாமி வேட்டியை மடித்துக்கொண்டு ஒரு தூண் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார்.

"பந்தல் கட்டப் போற எடத்துல தரையிலதான உக்காந்து சோறு துன்றோம்? இங்க மட்டும் இன்னா கெட்டுப் போச்சு?"

யாரோ சிரித்தார்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தார். அப்புறம் கும்பலாக எல்லாரும். மைக் இல்லாததால் காது கேட்க வேண்டி நெருங்கி நெருங்கி உட்கார்ந்தார்கள். விழுப்புரத்து முழங்கால் திண்டிவனத்து முதுகில் இடித்தது. சுப்பராயலு மட்டும் தரையில் உட்கார முடியாமல் தவித்தார். தென்னரசு எழுந்து போய், தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்து மேடையின் கடைசிப் படியில் போட்டான். "உக்காருங்கய்யா. சில்லுன்னு இருக்கும்." பெரியவர் அந்தத் துண்டை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். கொண்டுவந்த சால்வைகள் பைக்குள்ளேயே கிடந்தன. தரையில் சம்மணம் போட்டிருப்பவருக்கு எப்படிச் சால்வை போர்த்துவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

செல்வி நடுவில் நின்றுகொண்டு, வரவேற்புரையை விட்டுவிட்டு நேராகக் கேட்டாள்.

"கரண்டு கம்பிக்குக் கீழ பந்தல் கட்ட மாட்டேன்னு சொல்லிட்டு வந்தவங்க கை தூக்குங்க."

பெரியசாமியோடு சேர்த்து அங்கங்கே சில கைகள் எழுந்தன. அவள் நினைத்ததைவிட அதிகம்.

"நீங்க விட்டுட்டு வந்த வாசல்ல வேற யாராவது கட்டுனாங்களா?"

ஒரு கையும் இறங்கவில்லை.

"கட்டுனது யாரு?"

பெரியசாமி குறுக்கே கையை நீட்டினார். "அதைக் கேக்காதம்மா. கேட்டா மறுபடியும் ரெண்டா பிரிஞ்சு நிப்போம். இனிமே யாரு கட்ட மாட்டாங்கன்னு கேளு."

கேள்வியை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. வாயை மூடிக்கொண்டாள். அவர் வீரம்மாளின் மகனைப் பற்றி எல்லாருக்கும் சொன்னார். அதன் பிறகு குழாயடியில் பேசுகிற பேச்செல்லாம் மண்டபத்துக்குள் வந்தது. வாடகைக்கு எடுக்கிற பார்ட்டி கோபித்துக்கொண்டால் என்ன செய்வது, அவனோடு ஒரே பேஜாரு, அவசரத்துக்கு வேறு இடம் எங்கே தேடுவது என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். கத்தட்டும் என்று செல்வி விட்டுவிட்டாள். கடைசியில் தென்னரசு எழுந்தான்.

"நான் மாட்டேன்னு சொல்லிடறேன். மறுநாளே விழுப்புரத்து வண்டி அங்க வந்து நிக்காதுன்னு எப்படி நம்பறது?"

படியில் இருந்து சுப்பராயலு பேசினார். "நான் கட்டிடுவேன்னு உனக்குப் பயம். நீ கட்டிடுவேன்னு எனக்குப் பயம். நடுவுல மேல ஏர்றது நீயுமில்ல, நானுமில்ல."

தென்னரசு உட்கார்ந்தான். செல்விக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அவர்கள் தொழிலில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. ஒரு கடைக்காரர் பந்தக்கால் நட்ட வீட்டில் இன்னொரு கடைக்காரர் கை வைக்கக் கூடாது. எவ்வளவு பகை இருந்தாலும், எவ்வளவு பணம் கொடுத்தாலும் கூடாது. யாரும் எழுதி வைக்காத சட்டம், இதுவரைக்கும் யாரும் மீறியதும் இல்லை.

"ஒருத்தர் கால் நட்ட வாசல்ல நாம கை வைக்கறதில்ல. கம்பிக்காக ஒருத்தர் வேணாம்னு வந்த வாசலையும் அப்படியே வச்சிக்கலாமா? யாரோ கால் நட்ட மாதிரி."

"இது சரி" என்றார் பெரியசாமி. "சரிதான்" என்று படியிலிருந்து ஒரு குரல். புதிதாக ஒரு விதியைச் சொல்லியிருந்தால் ஆளுக்கு ஒரு ஓட்டை கண்டுபிடித்திருப்பார்கள். இது அவர்கள் அப்பன் காலத்திலிருந்து கைக்கொண்டது, அதனால் மறுக்க வாய் வரவில்லை. தனிச் சங்கம் பற்றி அன்று யாரும் பேச்செடுக்கவில்லை. டீ குடிக்கும்போது, "பேனர் வேற அடிச்சிட்டேங்கா" என்று தென்னரசு மட்டும் காதோடு சொன்னான்.

அங்கே நின்றபடியே செல்வி மாசிலாமணிக்குப் போன் செய்து, வாசலில் கட்ட முடியாது, களத்தில் என்றால் வருகிறோம் என்றாள். அவர் பாதியிலேயே வைத்துவிட்டார். அந்த வாசலைப் பற்றி வாட்ஸ்அப் குழுவிலும் போட்டாள்.

அடுத்து வந்த நாட்கள்தான் கஷ்டம். மண்டபத்தில் சரி என்றவர்கள் பணத்தைப் பார்த்ததும் என்ன சொல்வார்கள்? தென்னரசுவைக் கூப்பிட்டுக் கேட்கலாமா? பெரியவரிடம் கேட்கலாமா? கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும். கைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். சகாயராஜ் கூட, "போன ஆர்டர் போனதுதான், விடு" என்று சொல்லிவிட்டான்.

ஒரு காலை, கடை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மாசிலாமணி உள்ளே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"ஏம்மா, நீங்கள்லாம் கூடிப் பேசி வச்சிக்கினு இருக்கீங்களா? தென்னரசு அந்த வாசலத் தொட மாட்டேங்கறான். விழுப்புரத்துப் பெரியவரு, ரெட்டிப்பா தர்றேன்னு சொல்றேன், முட்டி வலிக்குதுங்கறாரு. அவரா ஏணியில ஏறப் போறாரு?"

செல்விக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

"ஆமாங்கண்ணே. பேசித்தான் வச்சிருக்கோம்."

அவர் அவளைப் பார்த்தார், சகாயராஜைப் பார்த்தார், அடுக்கி வைத்திருந்த பைப்புகளைப் பார்த்தார். பிறகு, "அந்தக் களத்துக்கு அலங்கார வளைவு வைப்பியா?" என்று கேட்டார்.

விழாவுக்கு முந்தின நாள் களத்தில் பந்தல் எழுந்தது. வாசலில் கட்டியிருந்தால் இவ்வளவு அகலம் கிடைத்திருக்காது என்று மாசிலாமணியே வருகிறவர் போகிறவரிடம் தன் யோசனை போலச் சொல்லிக்கொண்டிருந்தார். சகாயராஜ் ஏணி உச்சியில் நின்று கயிற்றை இழுத்துக் கட்டினான். செல்வி ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றாள். அவன் மேலே ஏறும்போதெல்லாம் வாய்க்குள்ளேயே 'அருள் நிறைந்த மரியே' சொல்வது அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து வழக்கம். அன்றும் தொடங்கியிருந்தாள்.

"இந்தப் பக்கம் சரியா இருக்குதா, பாரு" என்று மேலேயிருந்து கத்தினான்.

"கொஞ்சம் எறக்கமா இருக்குது. இன்னும் இழுங்க."

அவன் இழுத்தான். துணி நிமிர்ந்தது. போதும் என்று கையைக் காட்டிவிட்டு, நாற்காலி வண்டி வந்துவிட்டதா என்று பார்க்கப் போனாள். பாதியில் விட்ட ஜெபம் இரவு படுக்கும் வரைக்கும் அவளுக்கு நினைவே வரவில்லை.